கறளை மறைக்கும் வர்ணம்



எசேக்கியேல் ஆகமத்தின் 13ஆம் அதிகாரத்திலே இறைவாக்கினர் ஒரு சுவரைப்பற்றிப் பேசுகிறார். மக்கள் உறுதியற்ற ஒரு சுவரை எழுப்புகிறார்கள். போலித் தீர்க்கதரிசிகளோ அச்சுவர் நிற்குமா, விழுமா என்று பாராமல் அதன்மேல் அழகாக வெள்ளையடித்து விடுகிறார்கள். சமாதானம் இல்லாத இடத்திலே சமாதானம் உண்டென்று சொல்லி மக்களை ஏய்த்தவர்கள் அவர்கள். பின்பு பெருமழை வருகிறது, கல்மழை வருகிறது, புயல் வீசுகிறது. சுவர் சரிகிறது. பூசிய சுண்ணாம்பு எங்கே என்று ஊரார் கேட்கிறார்கள்.

இந்தப் பாடத்தை இன்று ஒருவன் படிக்க விரும்பினால் அதற்கு ஏற்ற இடம் ஒன்று உண்டு. பழைய கார் ஒன்றைத் திருத்துகின்ற கொட்டிலே அது. தபசு காலத்துப் பிரசங்கத்திலே கார் எப்படி நுழைந்தது என்று சிலர் வியக்கக் கூடும். ஆண்டவர் வலையையும் விதையையும் புளித்த மாவையும் காட்டிப் போதித்தார். சில்லும் ஸ்பனரும் மட்டும் அவருடைய பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிற்க வேண்டுமா?

ஆனை வாங்கியவன் கதை

இங்கிலாந்திலே கொவென்றி நகரில் ஜாகுவார் என்ற கார் செய்யப்பட்டது. 1922ஆம் ஆண்டு பிளாக்பூல் நகரில் மோட்டார் சைக்கிள்களுக்குப் பக்கப்பெட்டி செய்யும் சிறிய தொழிலாக வில்லியம் லயன்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளியும் தொடங்கிய முயற்சி, 1928இல் கொவென்றிக்கு இடம்பெயர்ந்து, 1945இல் ஜாகுவார் என்ற பெயரைப் பெற்றது. அந்தத் தொழிற்சாலையிலிருந்து 1959ஆம் ஆண்டு வெளிவந்தது மார்க் 2 என்ற கார். ஆறு சிலிண்டர் இயந்திரம், நான்கு சில்லுக்கும் டிஸ்க் பிறேக், உள்ளே தோல் இருக்கைகள், முன்பலகை முழுவதும் வாதுமை மரத்தின் மெல்லிய தகடு. அந்நாளில் வைத்தியரும் வழக்கறிஞரும் விரும்பி வாங்கிய வாகனம் அது.

அத்தகைய காரொன்று பத்தாவது கைக்கு வந்து, பின்வளவிலே நெடுங்காலம் மழையில் நின்றபின், மிக மலிவான விலைக்குக் கிடைக்கும். வருமானம் குறைந்த ஒருவன் அதைப் பார்க்கிறான். இவ்வளவு பெரிய காரை இவ்வளவு சிறிய பணத்துக்கு வாங்கலாமே, வீட்டிலேயே வைத்து ஓய்வு நாட்களில் நானே திருத்திக்கொள்வேனே என்று மகிழ்கிறான். காரின் விலை குறைந்ததேயொழிய, அதன் உதிரிப் பாகங்களின் விலை குறையவில்லை என்பது பிறகுதான் அவனுக்குத் தெரிகிறது. ஆனையை மலிவாக வாங்கலாம், தீனி மலியாது. பழைய சொகுசுக் கார்களைப்பற்றி அனுபவசாலிகள் சொல்லும் முதலாவது எச்சரிக்கை இதுதான்: எல்லாவற்றிலும் செலவு கூடியது மலிவாக வாங்கிய கார்.

எனினும், பொறுமையும் ஒழுங்கும் உடையவர்கள் குறைந்த பணத்திலே, வீட்டுக் கொட்டிலிலே, இத்தகைய கார்களை மீண்டும் வீதிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்கள் அதை எந்த ஒழுங்கிலே செய்கிறார்கள் என்று கவனித்தால், சிறுவயதிலே ஞானோபதேச வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த ஐந்து காரியங்கள் நினைவுக்கு வரும். நல்ல பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டிய ஐந்து காரியங்களே அவை. மனப்பாடம் செய்ததைப் பலர் மறந்திருக்கலாம். அந்தக் கொட்டிலுக்குள் நின்று அவற்றை மீண்டும் ஒருமுறை படிப்போம்.

முதலாவது: சோதித்துப் பார்த்தல்

பழைய காரை வாங்கப் போகிறவன், அனுபவம் உள்ளவனாயின், ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் கொண்டு போவான். காரின் மேனி வர்ணம் பூசிப் பளபளக்கும். அதை அவன் கண்ணால் நம்ப மாட்டான். காந்தத்தை மெல்ல நகர்த்திக்கொண்டு போவான். இரும்புத் தகடு உள்ள இடத்திலே காந்தம் ஒட்டும். கறள் தின்ற ஓட்டையைப் பசையால் நிரப்பித் தேய்த்து வர்ணம் அடித்த இடத்திலே ஒட்டாது, நழுவி விழும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, காந்தத்துக்கு ஒன்றல்ல.

மனச்சாட்சி கடவுள் நமக்குள் வைத்த காந்தம். நம்முடைய வாழ்விலே சில இடங்களில் அது நழுவுகிறது. அந்த இடத்தைப்பற்றிப் பேச்சு வந்தால் நாம் கதையை மாற்றுகிறோம். அந்த மனிதனுடைய பெயர் வந்தால் முகம் சுளிக்கிறோம். அந்தக் காணி, அந்தக் கடன், அந்தக் கடிதம் என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிறோம். காந்தம் நழுவும் இடம் அதுவே. ஆன்மசோதனை செய்பவன் பளபளக்கும் இடங்களை எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நழுவும் இடத்திலே நின்றால் போதும்.

இந்த மார்க் 2 காருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. மேனியும் சட்டமும் ஒன்றாகவே செய்யப்பட்டவை. கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடுகின்ற பெட்டிபோன்ற தகட்டுப் பகுதியும், தரைத் தகடும், பின்பக்க வில்லுகள் பொருந்தும் இடமுமே காரின் பலம். கறள் விரும்பிப் பிடிக்கும் இடங்களும் அவையே. அவை கீழே இருப்பதால் எவரும் குனிந்து பார்ப்பதில்லை. சேறும் ஈரமும் அங்கேதான் தங்கும். மேலே வர்ணம் ஒளிரும். தாங்க வேண்டிய இடமோ பொருக்காய் உதிரும். குடும்பங்களிலும் இதுவே நடக்கிறது. பெருநாளுக்குப் புதுச்சட்டை, திருமணத்துக்குப் பந்தல், படப்பெட்டி முன்னே சிரிப்பு எல்லாம் இருக்கும். கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேசி எத்தனை மாதம் ஆயிற்று என்று மட்டும் எவரும் குனிந்து பார்ப்பதில்லை.

இரும்பு காற்றையும் நீரையும் ஒருங்கே சந்திக்கும்போது கறள் உண்டாகிறது. உப்புச் சேர்ந்தால் அது விரைவாகப் பரவும். குளிர்கால வீதிகளிலே பனி உருக உப்பைத் தூவுகின்ற நாடுகளிலும், எங்களைப்போல் கடற்காற்று வீசும் ஊர்களிலும் வாகனங்கள் சீக்கிரம் கெடுவது இதனாலேயே. இன்னுமொன்று: கறள், தான் தின்ற இரும்பைவிடக் கூடுதலான இடத்தைப் பிடிக்கும். ஆகவேதான் வர்ணம் கொப்புளமாக எழும்புகிறது. சிறிய கொப்புளத்தைக் குத்திப் பார்த்தால் விரல் உள்ளே போகும். சிறிய பொய்யும் அப்படியே. அது தான் தின்ற உண்மையைவிடப் பெரிதாக வீங்கும். அதை மூடுவதற்கு வேறொரு பொய் தேவைப்படும்.

இரண்டாவது: மனஸ்தாபம்

பிரித்தானியாவிலே மூன்று ஆண்டுகளைக் கடந்த கார்களை ஆண்டுதோறும் அரச அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பரிசோதிக்க வேண்டும். ஆயினும் 2018ஆம் ஆண்டு தொடக்கம், நாற்பது ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு இப்பரிசோதனை கட்டாயமில்லை. அப்படியானால் பழைய காரின் உரிமையாளன் என்ன செய்வான்? பரிசோதனைக்கு அஞ்சி மட்டும் பிறேக்கைத் திருத்தி வந்தவன் இனி அதைக் கவனியாமல் விடுவான். காரை நேசிப்பவனும், அதிலே ஏறும் தன் பிள்ளைகளை நேசிப்பவனும், கேட்பாரில்லாத போதும் திருத்துவான்.

திருச்சபை தொன்றுதொட்டுப் போதித்து வரும் வேறுபாடும் இதுவே. நரகத்துக்கு அஞ்சி வருந்துவது குறைவான மனஸ்தாபம். அதையும் இரக்கமுள்ள ஆண்டவர் தள்ளிவிடுவதில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவனுக்கு அதுவும் வாசலாகிறது. ஆனால் நம்மை நேசித்தவருடைய நேசத்தை நோகச் செய்தோமே என்று வருந்துவது உத்தம மனஸ்தாபம். மழையில் நனைந்து, கோழி முட்டையிடும் கூடாகிப்போன காரைப் பார்த்து ஒருவன் கண்கலங்குகிறான் என்றால், அது முதலில் எப்படி உருவாக்கப்பட்டது என்பதை அவன் அறிந்திருக்கிறான் என்பதே காரணம். அறியாதவனுக்கு அது பழைய இரும்பு. தன் ஆன்மா யாருடைய சாயலில் உண்டாக்கப்பட்டது என்று அறியாதவனுக்குப் பாவமும் ஒரு பெரிய காரியமாகத் தோன்றாது. ஊதாரி மைந்தன் பன்றித் தொழுவத்திலே முதலில் நினைத்தது தன் பசியை. பசி அவனைத் தகப்பனுடைய வீட்டை நினைக்கச் செய்தது. வீட்டை நினைத்த பிறகே அவன் எழுந்தான்.

மூன்றாவது: பிரதிக்கினை

லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்திலே கோபுரம் கட்ட விரும்பியவனைப்பற்றி ஆண்டவர் பேசுகிறார். அவன் முதலில் இருந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று கேட்கிறார். அத்திவாரம் போட்டுவிட்டு முடிக்க இயலாமல் நின்றால் பார்ப்பவர்கள் நகைப்பார்கள் அல்லவா?

வீட்டிலே கார் திருத்தத் தொடங்கியவர்களிற் பலருக்கு நேர்வதும் இதுவே. முதல் கிழமை மிகுந்த உற்சாகம். எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். கழற்றுவது இலகு, செலவும் இல்லை. ஆணி எது, சுரை எது, எந்தக் கம்பி எங்கே போனது என்று எழுதி வைக்க மாட்டார்கள். இரண்டாம் மாதம் பணம் முடிகிறது. மூன்றாம் மாதம் மனம் சோர்கிறது. பிறகு அந்தக் கார் பல பெட்டிகளிலே துண்டு துண்டாக விற்பனைக்கு வருகிறது. அறிவுள்ளவன் செய்வது வேறு. ஒவ்வொரு பகுதியையும் கழற்றுமுன் படம் எடுப்பான். ஆணிகளைச் சிறு பைகளில் இட்டுப் பெயர் எழுதுவான். ஒரே நேரத்தில் ஒரே பகுதியைத் திறந்து, அதை முடித்து, அடுத்ததற்குப் போவான். இந்த மாதம் கையிலுள்ள பணத்துக்குப் பிறேக் மட்டும், அடுத்த மாதம் தரைத் தகடு மட்டும் என்று அளந்து செய்வான். குரோம் பூச்சும் தோலும் அழகானவை, செலவு கூடியவை. அவை காத்திருக்கட்டும் என்பான்.

இனி ஒருபோதும் பாவம் செய்யேன் என்று நெஞ்சில் அடித்து, ஞாயிறு மாலையிலே மறந்து போகின்ற பிரதிக்கினைகளைக் கண்டிருக்கிறோம். முழு ஆன்மாவையும் ஒரே நாளில் கழற்றிப் போட்டவர்கள் அவர்கள். உறுதியான பிரதிக்கினைக்கு முகவரியும் நாளும் உண்டு. இந்தச் சனிக்கிழமை அந்த வீட்டுப் படலையைத் தட்டுவேன். இந்த மாதச் சம்பளத்திலே அந்தக் கடனின் ஒரு பகுதியைக் கொடுப்பேன். வேலை முடிந்ததும் தவறணைப் பக்கத்து வீதியால் வராமல் மற்ற வீதியால் வீடு திரும்புவேன். இவ்வாறு அளந்து செய்பவனுக்கே கோபுரம் எழும்பும்.

நான்காவது: வெளிப்படுத்துதல்

இப்போது கடினமான இடத்துக்கு வந்துவிட்டோம். கறளுக்கு மேலே வர்ணம் பூசினால் என்ன? பூசலாம். ஆறு மாதம் அழகாக இருக்கும். உள்ளே கறள் ஓய்வெடுப்பதில்லை. ஆகவே வர்ணத்தைச் சுரண்டி, பசையைத் தோண்டி, கெட்ட தகட்டை வெட்டி, பளிச்சென்ற நல்ல இரும்பு தோன்றும் வரைக்கும் போக வேண்டும். அங்கேதான் புதிய தகட்டை ஒட்டலாம். கறள் தின்று மெலிந்த தகட்டிலே புதிய தடித்த தகட்டை ஒட்டப் பார்த்தால், வெல்டிங் நெருப்பு மெலிந்த விளிம்பை எரித்து ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். காரின் பெயரோ மார்க் 2. மாற்கு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பழைய ஆடையிலே புதிய முரட்டுத் துணியை ஒட்டுப் போட்டால் கிழிசல் பெரிதாகும் என்று ஆண்டவர் அங்கே சொல்லியிருக்கிறார்.

நான் பாவிதான் சுவாமி என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது, காரெல்லாம் கறள்தான் என்று சொல்லி ஓரிடத்தையும் சுரண்டாமல் விடுவதற்குச் சமம். எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று காட்டினாலல்லவா நல்ல இரும்பு வெளிப்படும்? பாவசங்கீர்த்தனத் தொட்டியிலே நாம் படுகின்ற வெட்கம் வீணான வெட்கமன்று. அது சுரண்டும் கத்தியின் கூர்.

இவ்விடத்திலே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அடித்தாங்கலை வெட்டுவதற்கு முன், கைதேர்ந்தவன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகளை ஒட்டிக் காரைத் தாங்க வைப்பான். தாங்கலில்லாமல் வெட்டினால் கார் நடுவிலே தொய்ந்துவிடும். பிறகு கதவு ஒருபோதும் பொருந்தாது. பெற்றோல் தாங்கியையும் பற்றரியையும் கழற்றி அப்புறப்படுத்தாமல் நெருப்பை எடுக்கமாட்டான். ஜக் ஒன்றை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே படுக்கமாட்டான். உறுதியான தாங்கிகளை வைத்த பின்பே கீழே போவான். பழைய பிறேக் பட்டைகளின் தூசியை ஊதமாட்டான். அதிலே நுரையீரலுக்குக் கேடான அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். வர்ணங்கள் சிலவற்றின் நச்சு ஆவி காரணமாக, அந்த வேலையை மட்டும் வசதியுள்ள தொழிலாளியிடம் ஒப்படைப்பான். தன் கையால் செய்யக் கூடியது எது, கூடாதது எது என்று அறிவதும் சிக்கனமே.

ஆன்மாவைத் திறப்பவனுக்கும் தாங்கல் வேண்டும். தன்னைத்தானே வெட்டிக் குத்திக்கொண்டு அவநம்பிக்கையிலே தொய்ந்து போனவன் யூதாஸ். அவனும் தன் பாவத்தை ஒப்புக்கொண்டான். ஆனால் தாங்குபவரிடம் போகவில்லை. பேதுருவும் மறுதலித்தார், ஆனால் ஆண்டவருடைய பார்வை அவரைத் தாங்கியது. குருவானவரிடம் போகும்படி திருச்சபை நம்மைக் கேட்பது ஏன் என்று சிலர் வினவுவதுண்டு. தனியே வெட்டினால் தொய்ந்துவிடுவோம் என்பதும் அதற்கொரு காரணம். அவருடைய காதிலே விழுந்தது வெளியே வராது. அவருடைய கையிலே இருப்பது தண்டிக்கும் பிரம்பன்று, மன்னிக்கும் அதிகாரம்.

ஐந்தாவது: அபராதம் தீர்த்தல்

நீண்ட நாள் நின்ற இயந்திரத்தை எடுத்தவுடன் இயக்கப் பார்ப்பவன் அதை உடைத்துவிடுவான். உள்ளே பிஸ்டன் ஒட்டியிருக்கலாம். பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துவாரங்களால் எண்ணெய் விட்டு, நாட்கணக்கில் ஊற விட வேண்டும். பிறகு கையால் மெல்ல மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். பழைய பெற்றோலை வடித்து, தாங்கியைக் கழுவ வேண்டும். நீரை உறிஞ்சிக் கெட்டுப்போன பிறேக் எண்ணெயை மாற்ற வேண்டும். இத்தனைக்கும் பிறகே சாவி.

எங்கள் மக்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்திலே யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் தானாகத் தொடங்காது. சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தைத் தொடங்கிச் சூடேற்றிய பின்பே அது மண்ணெண்ணெயை ஏற்றுக்கொள்ளும். ஆன்மாவின் காரியமும் அப்படியே. முதல் அசைவு நம்முடையதன்று. அது தேவ வரப்பிரசாதம். அந்தச் சில துளிகளால் சூடேறிய பிறகு, நம்முடைய சாதாரண முயற்சியாகிய மண்ணெண்ணெயிலும் தூரம் போகலாம்.

அபராதம் தீர்த்தல் என்பது மூன்று அருள்நிறை மந்திரத்தோடு முடிந்துவிடும் காரியம் என்று எண்ணுவோருண்டு. குருவானவர் தரும் செபம் தொடக்கமே. வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டவன் செபமாலை முழுவதும் சொன்னாலும், வேலி அந்த இடத்திலேயே நிற்கும் மட்டும் கறள் உள்ளேதான் இருக்கிறது. சக்கேயு என்ன செய்தார்? ஏமாற்றிச் சேர்த்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாக எழுந்து நின்று சொன்னார். அவருடைய வீட்டுக்கு அன்று மீட்பு வந்தது என்று ஆண்டவர் கூறியது அதன்பின்புதான்.

கொவென்றியின் இரவு

இந்தக் கார் பிறந்த நகரத்துக்கு ஒரு இரவு உண்டு. 1940ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி இரவு, ஜெர்மன் விமானங்கள் கொவென்றி நகரின்மீது குண்டுமாரி பொழிந்தன. நகரின் நடுப்பகுதி எரிந்தது. ஆங்கிலிக்கன் சபையாருக்குரிய, மத்திய காலத்தில் எழுந்த புனித மிக்கேல் பேராலயத்தின் கூரை வீழ்ந்தது; சுவர்களும் கோபுரமுமே நின்றன.

அக்காலத்திலே லயன்ஸின் தொழிற்சாலையில் இரவிலே தீக்காவல் காக்க வேண்டியிருந்தது. குண்டு விழுந்தால் அணைப்பதற்காக முறை வைத்து விழித்திருந்தார்கள். லயன்ஸும் அவருடைய பொறியியலாளர்களும் அந்தக் காவல் இரவுகளிலே கூடியிருந்து, சமாதானம் வந்தபின் செய்ய வேண்டிய புதிய இயந்திரத்தைப்பற்றிக் கலந்து பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து பிறந்து 1948இல் உலகுக்குக் காட்டப்பட்ட இயந்திரமே பிற்காலத்தில் மார்க் 2 காரையும் இழுத்தது. 1992ஆம் ஆண்டு வரைக்கும் அது உற்பத்தியில் இருந்தது. எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த நேரத்திலே, எல்லாம் அழியப் போகிறது என்று தெரிந்தும், எரேமியா பணத்தை நிறுத்துக் கொடுத்து அனத்தோத்திலே ஒரு நிலம் வாங்கினார். நம்பிக்கை என்பது அதுதான். தீக்காவலிலே நின்றுகொண்டு நாளைய இயந்திரத்தை வரைவது.

பேராலயத்தை என்ன செய்தார்கள்? எரிந்து வீழ்ந்த இரண்டு உத்திரங்கள் சிலுவை வடிவிலே கிடப்பதைக் கண்ட கற்றச்சர் ஒருவர், அவற்றைக் கட்டி நிறுத்தினார். கூரையின் பழைய ஆணிகள் மூன்றைச் சேர்த்து ஒரு குருவானவர் ஆணிச் சிலுவை ஒன்றைச் செய்தார். அவ்வாண்டு நத்தார் நாளிலே, பேராலய அதிபர் ரிச்சார்ட் ஹவாட் அந்த இடிபாடுகளுக்கு நடுவே நின்று வானொலியிலே பேசி, பழிவாங்கும் எண்ணத்தை அகற்ற முயல வேண்டுமென்று மக்களைக் கேட்டார். பின்பு மன்னிப்பை வேண்டும் சொற்கள் பீடத்தின் பின்சுவரிலே பொறிக்கப்பட்டன. இடிந்த சுவர்களை அவர்கள் பூசி மெழுகவில்லை. அவற்றை அப்படியே காணவிட்டு, பக்கத்திலே புதிய பேராலயம் எழுப்பினார்கள். 1962ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி அது அபிஷேகம் செய்யப்பட்டது. ஆணிச் சிலுவைகள் ஜெர்மனியின் பேர்லினுக்கும் ட்றெஸ்டனுக்கும்கூடச் சென்றன.

எங்கள் மண்ணுக்கும் அத்தகைய நாள்கள் உண்டு. 1995ஆம் ஆண்டு யூலை 9ஆம் திகதி, நவாலி புனித பேதுரு பாவுலு ஆலயத்திலே அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2009இல் போர் முடிந்தது. பழசை மறந்துவிடுங்கள், எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லும் குரல்களும் அதன்பின் எழுந்தன. எசேக்கியேலின் சுவரை இங்கே நினைவுகூருங்கள். மறதி ஒரு வர்ணம். மன்னிப்பு ஒரு திருத்தவேலை. காணாமற் போன மகனைத் தேடும் தாய்க்கு வர்ணம் தேவையில்லை, உண்மை தேவை. உண்மையைச் சுரண்டி வெளியே எடுக்காமல் நல்லிணக்கம் என்று வர்ணம் பூசினால், அடுத்த மாரிக்கு அது கொப்புளிக்கும்.

அதேவேளை, உண்மையைக் கேட்பவனும் தன் நெஞ்சை விரித்து வைத்துக் கேட்க வேண்டும். எமக்குச் செய்யப்பட்டதை மட்டும் எண்ணி, எம்மவர் பிறருக்குச் செய்ததையும் தமக்குள்ளே செய்துகொண்டதையும் மூடி வைத்தால், அதுவும் பசை நிரப்பிய இடமே. காந்தம் அங்கேயும் நழுவும். கொவென்றியின் குருவானவர் பகைவனுக்காக மட்டும் மன்னிப்பு வேண்டவில்லை. சுவரிலே பொறித்த சொற்களிலே எவருடைய பெயரும் இல்லை. எல்லாரும் அதற்குள் அடங்குவர்.

பூச்சியும் கறளும்

முடிக்குமுன் எச்சரிக்கை ஒன்று. பூச்சியும் கறளும் அழிக்கின்ற இவ்வுலகிலே செல்வத்தைச் சேர்த்து வைக்க வேண்டாமென்று மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் நம்மை எச்சரிக்கிறது. காரைத் திருத்தப் போனவன் காருக்கே அடிமையாகிவிடுவதுண்டு. விடியும் ஞாயிற்றிலே பூசை மணி கேட்கும்போது அவன் காருக்குக் கீழே கிடப்பான். பிள்ளையின் பாடசாலைக் கட்டணம் குரோமாக மாறியிருக்கும். மனைவி பேச வந்தால், ஸ்பனர் கையிலிருக்க, அரைக் காதால் கேட்பான். பழைய இரும்புக்குக் கொடுத்த பொறுமையிலே பத்தில் ஒரு பங்கை வயோதிபத் தாய்க்குக் கொடுத்திருந்தால் அவள் மனம் குளிர்ந்திருக்கும். ஊரிலே இளையவன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப, மூத்தவன் தகப்பனின் காரைத் திருத்தி ஓட்ட, அந்தக் கார் யாருக்கு என்று இருவரும் வழக்காடும் குடும்பமும் உண்டு. கார் புதுப்பிக்கப்பட்டது, சகோதரம் கறள் பிடித்தது.

திருத்திப் பாவிக்கும் மனம் நல்ல மனமே. 2015ஆம் ஆண்டு வெளிவந்த சுற்றுமடலிலே பாப்பரசர் பிரான்சிஸ், பாவித்து வீசியெறியும் பண்பாட்டைக் கண்டித்தார். பொருளை எறியப் பழகிய கை மனிதரையும் எறியப் பழகிவிடும். ஆயினும் திருத்திய கார் ஓடுவதற்கே உரியது. போர்வையால் மூடி, கொட்டிலிலே வைத்துப் பெருமைபேசும் கார், திருத்தப்பட்டும் கிடப்பிலே கிடக்கும் கார்தான். மன்னிப்புப் பெற்ற மனிதனும் அப்படியே. நோயாளியைப் பார்க்கவும், தனித்திருப்பவரை ஏற்றிச் செல்லவும், பிணங்கியவரைத் தேடிப் போகவுமே அவன் மீண்டும் ஓடத் தொடங்குகிறான்.

ஆகவே பிரியமானவர்களே, நான் பழைய இரும்பு, என்னைத் திருத்த இயலாது என்று எவரும் சொல்ல வேண்டாம். பத்து ஆண்டு, இருபது ஆண்டு பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாதவர்கள் நம்மிடையே உண்டு. வெட்கத்தால் சிலர், கோபத்தால் சிலர், இனி என்ன என்ற சோர்வால் சிலர். உங்களுக்கே இந்த வார்த்தை. எரேமியா கண்ட குயவன் கெட்டுப்போன பாண்டத்தை வீசிவிடவில்லை. அதே மண்ணைத் தன் கையில் எடுத்து வேறு பாண்டமாக வனைந்தான். திருவெளிப்பாட்டின் 21ஆம் அதிகாரத்திலே அரியணையில் வீற்றிருப்பவர் எல்லாவற்றையும் புதியதாக்குவதாக வாக்களிக்கிறார். உங்களை அகற்றிவிட்டு வேறொருவரை உங்கள் இடத்தில் வைப்பேன் என்று அவர் சொல்லவில்லை. உங்களையே புதியதாக்குவேன் என்கிறார்.

இந்தக் கிழமை இரண்டு காரியங்கள் செய்யுங்கள். சனிக்கிழமை மாலையிலே உங்கள் பங்குக் கோயிலுக்குப் போய், காந்தம் நழுவிய இடத்தைக் குருவானவருக்குக் காட்டுங்கள். அதன்பின், நெடுங்காலம் பேசாமல் விட்ட ஒருவருடைய படலையைத் தட்டுங்கள். அவர் கடல் கடந்திருந்தால் தொலைபேசியை எடுங்கள். முதற் சொல் வராவிட்டால் கவலை வேண்டாம். இயந்திரம் சூடேறச் சில துளி வேண்டும். அதைத் தருபவர் ஆண்டவர்.

அவருடைய இரக்கம் உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.